எல்.ஏ.சி., சேலம் ஜில்லா

ஜூன் 9, 2025, திங்கள்

அப்பாரின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், சர்வீஸ் நம்பர் கிடைத்துவிட்டது. மோகனூரில் அத்தை வீட்டு பீரோவில், கிணற்றுப் பங்குப் பத்திரத்துக்கும் பழைய கிஸ்தி ரசீதுகளுக்கும் நடுவில், விமானப்படையிலிருந்து அவரை விடுவித்த சர்டிபிகேட் இத்தனை காலமும் இருந்திருக்கிறது. மடித்த இடமெல்லாம் நைந்துபோய், தொட்டால் நாலாகப் பிரிந்துவிடும் போலிருந்தது. அத்தை மனசில்லாமல்தான் கொடுத்தார். "பாத்துப் புடி கண்ணு. உங்கப்பன் கேட்டப்பவே நான் குடுக்கல."

தலைப்பில் ராயல் இந்தியன் ஏர் ஃபோர்ஸ். அடியில் எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர். பிறகு 'நாமக்கல் தாலுகா, சேலம் ஜில்லா'. விடுவித்தது 1946 செப்டம்பரில். நடத்தை என்ற இடத்தில் 'வெரி குட்'.

எங்கள் வீட்டில் இதுவரை இருந்தது ஒரு போட்டோவும் ஒரு கதையும்தான். பர்மா சண்டையில் அப்பாரு ப்ளேன் ஓட்டினார் என்பது கதை. அவர் தன் வாயால் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கக்கூடியவர்களில் அத்தை மட்டுமே மிச்சம். அவருக்கும் 82 ஆகிறது. போன சுதந்திர தினத்துக்குத் தம்பியின் பேரன் பள்ளிக்கூட மேடையில் 'என் பாட்டனார் போர் விமானி' என்று பேசிப் பரிசு வாங்கி வந்தான். அந்தப் பையன் கையில் உண்மையான விவரத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஜூன் 11, புதன்

எண் ஏன் இத்தனை முக்கியம் என்று தம்பி கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அதிகாரியாக இருந்தவர்களைத் தேடுவது சுலபம். அவர்களுடைய நியமனமும் பதவி உயர்வும் கெஜட்டில் வந்தன; விருது வாங்கியிருந்தால் லண்டன் கெஜட்டிலும் வந்திருக்கும். இம்பாலில் 1-ஆவது ஸ்க்வாட்ரனை நடத்திய அர்ஜன் சிங்கைப் பற்றியோ 6-ஆவது ஸ்க்வாட்ரனின் 'பாபா' மெஹர் சிங்கைப் பற்றியோ படிக்க எவ்வளவோ இருக்கிறது. அந்த விமானங்களுக்கு எண்ணெய் ஊற்றி, பிளக் மாற்றி, குண்டு ஏற்றி அனுப்பியவர்கள் எந்த கெஜட்டிலும் கிடையாது. ஸ்க்வாட்ரன்களின் தினசரிப் பதிவேட்டில் எந்த விமானம் எத்தனை மணிக்குப் புறப்பட்டது, யார் ஓட்டினார் என்பதெல்லாம் இருக்கும். அதற்கு முந்தின ராத்திரி முழுக்க இன்ஜினைப் பிரித்து மாட்டியவன் பெயர் தேடினாலும் அகப்படாது. அவனுக்கு மிஞ்சுவது எண் ஒன்றுதான். கந்தசாமி, ராமசாமி, பழனியப்பன் என்ற பெயர்கள் நம் பக்கம் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்தன. இனிஷியலை எந்த கிளார்க் எப்படி எழுதினாரோ! எண் மட்டும் ஒருவருக்கு ஒன்று.

போர் தொடங்கிய 1939-இல் இந்திய விமானப்படையில் இருந்தவர்கள் 16 அதிகாரிகளும் 144 சிப்பாய்களும். அந்தக் காலத்தில் ஹவாய் சிப்பாய் என்பார்கள். போர் முடியும்போது மொத்தம் சுமார் 28,500 பேர். அதில் அதிகாரிகள் 1,600 பேர்தான். மீதிப் பேரை எழுதாமல் அந்தப் படையின் வரலாற்றை எழுதிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

சேலத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற விமானப்படை சார்ஜென்ட் ஒருவரிடம் போட்டோவைக் கொண்டுபோனேன். அவர் மகள் என்னிடம் படித்தவள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, போட்டோவை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இவரு பைலட் இல்லீங்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினார். விமானியாக இருந்தால் இடது மார்பில், பைக்கு மேலே, இறக்கை சின்னம் தைத்திருக்கும். இங்கே மார்பு வெறுமையாக இருக்கிறது. தோள் அருகே தெரிகிற பறவை எல்லா ஏர்மேனுக்கும் உண்டு. சட்டைக் கையில் படுக்கை வசத்தில் இருக்கிற இரண்டு அலகு ப்ரொப்பல்லர்தான் விஷயம். வீட்டில் எல்லோரும் விமானி என்பதற்கு அத்தாட்சியாக அதைத்தான் காட்டுவார்கள்.

"இது எல்.ஏ.சி. ரேங்குங்க. லீடிங் ஏர்கிராப்ட்மேன். சும்மா வர்றதில்லீங்க இது, ட்ரேட் டெஸ்ட் பாஸ் பண்ணோணும். ஏசி டூ, ஏசி ஒன், அப்புறந்தான் இது. மெக்கானிக்கோ ஃபிட்டரோ, கைத்தொழில் சுத்தமா தெரிஞ்ச ஆளு."

அத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த நட்சத்திரத்தையும் காட்டினேன். ஆறு முனை, வெண்கலம், நடுவில் ராஜாவின் முத்திரை எழுத்து, அதைச் சுற்றி வட்டமாக 'தி பர்மா ஸ்டார்'. நாடாவில் நடுவே சிவப்பு, இரண்டு பக்கமும் கருநீலம், அதற்குள் ஆரஞ்சுக் கோடு. எங்கோ வடக்கே முகாமில் உட்கார்ந்திருந்தவருக்கு இது கிடைத்திருக்காது என்றார். பர்மாவிலோ, சண்டை நடந்த வங்காளம், அஸ்ஸாம் எல்லையிலோ வேலை பார்த்திருந்தால்தான் உண்டு.

ஆக, சண்டை நடந்த இடத்துக்கு அப்பாரு போயிருக்கிறார். பறந்தது வேறு ஆட்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தம்பிக்கு போன் செய்தேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அப்ப வெறும் மெக்கானிக்குங்களாக்கா?" என்றான். அந்த 'வெறும்' என்ற சொல் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜூன் 18, புதன்

தில்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கிற விமானப்படை ஆவண அலுவலகத்துக்குக் கடிதம் போட்டாயிற்று. சர்டிபிகேட்டின் நகல், அப்பாரின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, என் ஆதார் நகல். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும், பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டருடன், தனியாக. இருபது வருஷத்துக்கு முந்தைய நிகழ்வுகளைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலான விலக்குகள் பொருந்தா என்று 8-ஆம் பிரிவின் 3-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அதை மனுவிலேயே குறிப்பிட்டேன்.

ஊர் எழுதும் இடத்தில் கவனம் வேண்டும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1-இல். அப்பாரு படையில் சேர்ந்த காலத்துச் சேலம் ஜில்லாவில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். பழைய தாளில் உள்ளபடியே எழுதிவிட்டு, இன்றைய மாவட்டத்தைப் பக்கத்தில் சேர்த்தேன். படையின் பெயரையும் இரண்டு விதமாகக் கொடுத்தேன். 'ராயல்' என்ற அடைமொழி 1945 மார்ச்சில்தான் வந்தது. அப்பாரு சேர்ந்தபோது வெறும் இந்தியன் ஏர் ஃபோர்ஸ்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்குப் பார்த்ததை விரிவாக எழுத வேண்டும்.

கிணற்று மேட்டு மோட்டார் கொட்டகையில் அப்பாரு காலத்து ஆயில் இன்ஜின் இன்னும் கிடக்கிறது. கரண்ட் மோட்டார் வந்த பிறகு அதை யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர் இந்த வாரம் வருவதாகத் தம்பி சொன்னதால், அதற்கு முன் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று போனேன். சார்ஜென்ட் ஐயாவையும் கூட்டிப்போனேன். வருகிறேன் என்று அவரே சொன்னார்.

கொட்டகைக்குள் வவ்வால் வாடை. இன்ஜின் மேல் சோளத்தட்டுப் போர் சரிந்து கிடந்தது. தம்பி அதை விலக்கினான். சார்ஜென்ட் சிலிண்டர் தலைப்பக்கம் குனிந்தார், செல்போன் விளக்கை அடிக்கச் சொன்னார், கைக்குட்டையால் துருவைத் துடைத்தார்.

போல்ட்டுகளின் தலையில் குறுக்கே சின்னத் துளை போட்டிருந்தது. அந்தத் துளைகள் வழியாக மெல்லிய கம்பி. ஒரு போல்ட்டின் துளையில் நுழைந்து, இரண்டு இழையாக முறுக்கிக்கொண்டு அடுத்த போல்ட்டுக்குப் போய், அதன் துளையில் புகுந்து, முனை உள்பக்கம் மடக்கிவிடப்பட்டிருந்தது. முறுக்கு எல்லாம் ஒரே சீர். கம்பி போகிற திசையைப் பாருங்கள் என்றார். ஒரு போல்ட் தளரப் பார்த்தால் கம்பி அடுத்த போல்ட்டை இறுக்குகிற பக்கமாக இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து வைத்துக்கொள்ளும்.

"லாக் வயர்ங்க. ப்ளேன்ல நட்டு கழண்டா நிறுத்தி எறங்கிப் பாக்க முடியாதில்லீங்களா? அதுக்காக இப்படிக் கட்டுவோம். கெணத்து இன்ஜினுக்கு ஒருத்தரும் இத்தன மெனக்கெட மாட்டாங்க."

அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து, கைத்துளைப்பானால் ஒவ்வொரு போல்ட் தலையிலும் துளை போட்டிருக்கிறார் மனிதர். யாரும் கேட்கவில்லை, சோதிக்க அதிகாரி வரப்போவதும் இல்லை. நான் தில்லிக்கு எழுதிக் கேட்ட ஆவணத்தில் ஒரு பக்கம் இங்கேயே இருந்திருக்கிறது.

அப்போது அத்தை சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் இன்ஜின் மக்கர் செய்தால் அப்பாரைத்தான் கூப்பிடுவார்களாம். போனதும் எதையும் கழற்ற மாட்டார். நீளமான திருப்புளியின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். அப்புறம் எந்த இடம் என்று சொல்வாராம். சார்ஜென்ட் இதைக் கேட்டுத் தலையாட்டினார். தானும் அப்படித்தான் கற்றுக்கொண்டாராம்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. இரும்புக்காரருக்கு போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஜூன் 29, ஞாயிறு

மேட்டூர் நிரம்பிவிட்டது, 120 அடி. ஆனியிலேயே நிரம்பியதில் ஊரெல்லாம் அதே பேச்சு.

சர்டிபிகேட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி வாங்கினேன். பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஏழெட்டுப் பேர், அப்பாரு ஓரத்தில். பின்னால் விமானத்தின் ஒரு பகுதி: பருத்த வட்ட மூக்கு, நீண்ட கண்ணாடிக் கூண்டு, நேராகப் போகாமல் நடுவில் கோணி வளைந்த இறக்கை. ஹரிக்கேனுக்கோ ஸ்பிட்ஃபயருக்கோ இந்த மூக்கும் கிடையாது, இந்த இறக்கையும் கிடையாது. படங்களை வைத்து ஒப்பிட்டதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் செய்த வல்டி வெஞ்சன்ஸ். இரண்டு பேர் உட்காரும் குண்டு விமானம். ஏறக்குறையச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும். 1,600 குதிரைசக்தி கொண்ட பதினாலு சிலிண்டர் ரைட் இன்ஜின். ஆரம்பத்தில் எண்ணெய் குடித்துப் பாடாய்ப் படுத்திய இன்ஜின்.

இந்தியப் படையில் வெஞ்சன்ஸ் வைத்துப் போரிட்டவை இரண்டே ஸ்க்வாட்ரன்கள், 7-உம் 8-உம். இரண்டும் ஒரே நாளில், 1942 டிசம்பர் 1-இல், தொடங்கப்பட்டன. ஏழாவது விசாகப்பட்டினத்தில். எட்டாவது திருச்சியில்!

தம்பிக்குத் தாங்கவில்லை. "அப்ப அப்பாரு இங்கிருந்தே திருச்சிக்குப் போய்ச் சேந்திருப்பாருக்கா." நாமக்கல்லிலிருந்து திருச்சி எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பதில் வரட்டும் என்றேன்.

ஜூலை 10, வியாழன்

ஒரு கேள்வி சில நாளாக மனதில் கிடந்து அறுக்கிறது. அப்பாரு சேர்ந்தது 1942-இல் என்கிறார் அத்தை. வெள்ளையனே வெளியேறு என்று நாடே கொதித்த வருஷம் அது. திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் எங்கள் ஊர்களுக்கு வெகு பக்கம். ராட்டை இல்லாத தெரு குறைவு என்பார்கள். அந்தச் சமயத்தில் ஒரு பையன் போய் ராஜாவின் படையில் கையெழுத்துப் போட்டிருக்கிறான். கடைசிவரை அவர் வாயைத் திறக்காததற்கு இதுவும் காரணமாக இருக்குமோ?

ஆனால் அந்த வருஷத்தை ஒரே வர்ணத்தில் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை. ராஜாஜியே அந்தப் போராட்டத்தை ஏற்கவில்லை. 1942 ஜூலையில் காங்கிரஸை விட்டு விலகினார். அதே வருஷம் ஏப்ரலில் கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பான் குண்டு விழுந்து, மதராஸிலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டுக்கு ஓடி வந்தார்கள். பள்ளிப் படிப்பும் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்த மானாவாரிக் காட்டுப் பையனுக்கு, சம்பளத்தோடு இன்ஜின் வேலை கற்றுத் தருகிறோம் என்று யார் கூப்பிட்டிருப்பார்கள்? அவன் போனதில் எனக்கு வெட்கம் இல்லை. தியாகி என்று சொல்லிக்கொள்ளவும் மாட்டேன்.

1946-ஐயும் மறந்துவிடக்கூடாது. ஜனவரியில் கராச்சி ட்ரிக் ரோடு முகாமில், சீக்கிரம் ஊருக்கு அனுப்பக் கேட்டு வேலையை நிறுத்தியவர்கள் பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்கள். பிப்ரவரியில் பம்பாயில் கடற்படை மாலுமிகள் எழுந்தபோது அவர்களுக்கு ஆதரவாக இந்திய விமானப்படை ஆட்களும் பல முகாம்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பாரு அப்போது சீருடையில்தான் இருந்தார்.

ஜூலை 23, புதன்

பதில் இல்லை. எஸ்.சி. குப்தா எழுதிய இந்திய விமானப்படையின் 1933–45 வரலாற்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெளியானது 1961-இல். போர் வரலாற்றை எழுதிய குழு இந்தியா, பாகிஸ்தான் இரண்டுக்கும் பொது. நாடு பிரிந்து, விமானங்களும் ஆட்களும் பங்காகி, காஷ்மீரில் சண்டையும் போட்ட பிறகு, இரண்டு அரசுகளும் இந்த வேலையை ஒன்றாகவே செய்து முடித்திருக்கின்றன. இது எனக்குத் தெரியாமல் நான் இத்தனை வருஷம் வரலாறு நடத்தியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும்.

தரைப்பணியாளர்களைப் பற்றி மனதில் தைத்த விஷயம், 1942 பிப்ரவரியில் பர்மாவின் டாங்கூவில் நடந்தது. லைசாண்டர் என்பது தரைப்படைக்கு வேவு பார்த்துக் கொடுக்கிற மெதுவான விமானம். அதில் குண்டு மாட்ட ஏற்பாடு செய்துகொண்டு, 1-ஆவது ஸ்க்வாட்ரனின் மஜூம்தார் எல்லை தாண்டிப் போய் ஜப்பானியர் இருந்த விமானதளத்தைத் தாக்கினார். குண்டு மாட்டும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்த கை ஹர்ஜிந்தர் சிங்குடையது. இன்ஜினியரிங் படித்துவிட்டு ஹவாய் சிப்பாயாகச் சேர்ந்து, பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் வரை போனவர்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடி 18

மோகனூரில் காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. படித்துறையில் கால் வைக்க இடமில்லை. அத்தையை ஆற்றுக்குக் கூட்டிப்போய், திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தபோது அவராகவே பேசினார்.

"சிட்டகாங், சிட்டகாங்னு ஒரு ஊரு சொல்லுவாரு. அங்க ரயிலடில சனங்க கஞ்சித் தண்ணிக்குக் கையேந்திட்டு நிக்குமாமா. சோத்துக்கு இல்லை, வடிச்ச கஞ்சிக்கு. நாங்க சாப்பிட்டுட்டு ப்ளேனுக்கு எண்ணெ ஊத்தப் போனோம்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. அதுக்கு மேல கேக்க எங்களுக்கு தைரியமில்ல."

1943 வங்காளப் பஞ்சம். செத்தவர்கள் முப்பது லட்சம் வரை இருக்கும் என்பார்கள். 8-ஆவது ஸ்க்வாட்ரன் சிட்டகாங்கை அடுத்த டபுள் மூரிங்ஸ் தளத்திலிருந்து அரக்கான் முனையில் முதல் தாக்குதலுக்குக் கிளம்பியது அந்த வருஷம் டிசம்பரில். அத்தை சொன்னதை அவர் பேச்சிலேயே, தேதி போட்டு, எழுதி வைத்துக்கொண்டேன். போர் வரலாற்றுப் புத்தகங்களில் ஸ்க்வாட்ரன் ஒரு பக்கத்திலும் பஞ்சம் வேறு பக்கத்திலும் இருக்கின்றன. அப்பாருக்கு இரண்டும் ஒரே ரயிலடி.

ஆகஸ்ட் 14, வியாழன்

பதில் வந்தது. ஒரே பக்கம்.

1942 நவம்பரில் சேர்ந்தார். தொழில்: ஃப்ளைட் மெக்கானிக், இன்ஜின். 1944-இல் எல்.ஏ.சி. 1944 ஜனவரி முதல் 8-ஆவது ஸ்க்வாட்ரன். 1946 செப்டம்பரில் படைக்குறைப்பில் விடுவிப்பு. தண்டனை ஏதும் இல்லை.

எண், தகப்பனார் பெயர், ஊர், எல்லாம் பொருந்துகின்றன. திருச்சிதான் பொருந்தவில்லை, அவர் போய்ச் சேர்ந்தபோது ஸ்க்வாட்ரன் முனைக்குப் போய்விட்டிருந்தது. ஆனால் 1944 நடுவில் வெஞ்சன்ஸை விட்டுவிட்டு ஸ்பிட்ஃபயருக்கு மாறிய முதல் இந்திய ஸ்க்வாட்ரன் எட்டாவதுதான். அமெரிக்க வட்ட இன்ஜினைப் பழகிய கை, சில மாதத்திலேயே தண்ணீரில் குளிரும் மெர்லின் இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். எல்.ஏ.சி. ஆனதும் அதே வருஷம்.

தம்பியின் பேரனுக்கு வாட்ஸ்அப்பில் முழுவதையும் படித்துக் காட்டினேன். நாளைக்கு அவன் பள்ளியில் மறுபடி கொடியேற்றம். இந்தத் தடவை எதைப் பேசுவது என்று கேட்டான். லாக் வயரைப் பற்றிப் பேசு, ஏன் அந்தத் திசையில் முறுக்க வேண்டும் என்று சொல்லு, பிள்ளைகள் கேட்பார்கள் என்றேன். படம் வரைந்து காட்டட்டுமா என்றான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பள்ளிக் கொடியேற்றத்தில் பையன் பேசினது ஊருக்குள் பரவியிருக்கிறது. காலையில் புதுச்சத்திரத்திலிருந்து கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். அவருடைய அப்புச்சியும், அம்மாவைப் பெற்றவர், அந்தச் சண்டைக்குப் போனவராம், போனவர் திரும்பவில்லை. கையில் ஒரு தபால்தான் இருக்கிறது, அதில் எண் பாதி அழிந்திருக்கிறது. அமுச்சி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை என்றார்.

திரும்பாதவர்களைத் தேட வழி வேறு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் உடல் கிடைக்காதவர்கள் பெயரும் உண்டு. ரங்கூன் அருகே டாவ்க்யான் நினைவிடத்தில் மட்டும் ஏறக்குறைய 27,000 பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். பட்டியலில் பல பெயர்களுக்கு எதிரே இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இந்த ஊர் என்றும் இருக்கும். சேலம் ஜில்லா என்று போட்டுத் தேடலாம். எந்தப் படைப்பிரிவு என்பது தபாலின் முத்திரையிலிருந்து தெரிந்துவிட்டால் போதும்: மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டனுக்கு எழுத வேண்டும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூருக்கு.

தபாலை லேமினேஷன் செய்யப் போவதாகச் சொன்னார். வேண்டவே வேண்டாம் என்று தடுத்தேன். நாளை சாயங்காலம் நாலு மணிக்கு அதை அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். அமுச்சியின் பெயர், அப்புச்சியின் தகப்பனார் பெயர், அன்றைய தாலுகா மூன்றையும் எழுதிக்கொண்டு வருவார். சார்ஜென்ட் ஐயாவிடம் நல்ல பூதக்கண்ணாடி இருக்கிறது. அவரையும் வரச் சொல்லிவிட்டேன்.